சாதனை என்று சொல்லாதீர்கள்

ஒரு பிழையை ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். அது எழுத்துப் பிழை அன்று. சந்திப் பிழையும் அன்று. அவை இரண்டும் என்னிடம் தாராளமாக உண்டு என்பதை இம்மலரின் ஆசிரியர் குழு நன்கு அறியும்! இது ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்ததில் நேர்ந்த பிழை.

2023ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசி. நான் ஆறாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியின் தமிழ்மொழிக் கழக அறிவிப்புப் பலகையில் வாரம் ஓர் உலகச் செய்தியைத் தமிழில் எழுதி ஒட்டுவது என் பொறுப்பு. அந்த வாரம் எனக்குக் கிடைத்த செய்தி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலிருந்து வந்தது. எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவை ஒட்டிய கடல்நீரின் வெப்பம் 38.4 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்பது செய்தி. நான் சிவப்பு மையால் பெரிதாகத் தலைப்பிட்டேன்: “கடல்நீர் வெப்பம் உலக சாதனை!!!” மூன்று ஆச்சரியக்குறிகள். பக்கத்தில் ஒரு சூரியன் படமும் வரைந்தேன்.

மறுநாள் எங்கள் தமிழாசிரியை பலகைக்கு முன் நின்று படித்தார். “சாதனை” என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, யாருப்பா சாதிச்சது?” என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். அவர் வேறெதுவும் சொல்லாமல் வகுப்புக்குப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகு அந்தப் பூங்காவைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அதன் பயனாக எனக்குள் உறுதிப்பட்ட ஒரு கருத்தை இங்கே உங்கள் முன் வைக்கிறேன். ஒன்றுக்கு நாம் என்ன பெயர் சூட்டுகிறோமோ, அதற்கு ஏற்றபடிதான் அதை நடத்துகிறோம். எவர்கிளேட்ஸின் கதை இதற்கு நல்ல சான்று.

மிதவை சொன்னது என்ன?

எவர்கிளேட்ஸ் புளோரிடாவின் தென்முனையில் இருக்கிறது. பூங்காவின் பரப்பளவு ஏறக்குறைய 6,100 சதுர கிலோமீட்டர். நம் மலாக்கா மாநிலத்தைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகம். நாம் வாழ்வது வெப்பமண்டலம். நமக்கும் குளிர்காலம் உள்ள மிதவெப்ப நாடுகளுக்கும் இடைப்பட்டது துணை வெப்பமண்டலம். அமெரிக்காவில் எஞ்சியிருக்கும் துணை வெப்பமண்டலக் காட்டுப் பகுதிகளில் மிகப் பெரியது இதுதான். புல்வெளி, நன்னீர்ச் சதுப்பு, அலையாத்திக் காடு, ஆழமற்ற கடல் எல்லாம் ஒரே பூங்காவுக்குள் அடங்கியிருக்கின்றன. முதலையும் அதன் உறவான அலிகேட்டரும் இயற்கையாகச் சேர்ந்து வாழும் இடம் உலகில் தென்புளோரிடா ஒன்றே. 1979இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

பூங்காவின் தென்கிழக்கு ஓரத்தில், கீ லார்கோ தீவுக்கு அருகில் மானட்டி விரிகுடா என்ற சிறிய நீர்ப்பரப்பு உண்டு. அங்கே பூங்காவின் கண்காணிப்பு மிதவை ஒன்று நிற்கிறது. 2023 ஜூலை 24ஆம் நாள் மாலையில் அந்த மிதவை 101.1 டிகிரி பாரன்ஹீட்டைக் காட்டியது. நம் கணக்கில் 38.4 டிகிரி செல்சியஸ். மனித உடலின் வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி. அப்படியானால் அந்தக் கடலில் இறங்கும் ஒருவருக்குக் குளிர்ச்சி கிடைக்காது. காய்ச்சல்காரரின் உடம்பைத் தொட்டது போல இருக்கும்!

கரையிலும் நிலைமை அப்படித்தான். அருகிலுள்ள மியாமி நகரில் அதுவரை பதிவானவற்றிலேயே மிக வெப்பமான மாதமாக 2023 ஜூலை அமைந்தது. அவ்வாண்டு உலகளவில் மிக வெப்பமான ஆண்டாகப் பதிவானது. அந்தப் பதிவு ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 2024 அதையும் தாண்டியது. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது.

போட்டியாகப் பார்த்தால்...

செய்தி வந்த ஓரிரு நாள்களிலேயே ஒரு சர்ச்சை எழுந்தது. இதை உலக சாதனையாக ஏற்கலாமா, கூடாதா?

ஏற்கக் கூடாது என்றவர்களின் வாதத்தில் நியாயம் இருந்தது. மிதவை நின்ற இடம் ஆழமற்றது. கரையை ஒட்டியது. அங்குள்ள நீர் கலங்கலாகவும் அடித்தரை கருமையாகவும் இருந்தால் வெயிலை அதிகமாக உறிஞ்சும். காற்று அடங்கிய நாளில் ஒரு தொட்டி நீர் சூடாவது போல அது சூடாகும். இதைத் திறந்த கடலோடு ஒப்பிட முடியாது என்றார்கள் அறிவியலாளர்கள். அதோடு, கடல்நீர் வெப்பத்திற்கென்று அதிகாரபூர்வமான உலகப் பட்டியல் எதுவும் இல்லை. குவைத் விரிகுடாவில் 37.6 டிகிரி பதிவானதாக 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வைத்தான் பலரும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்காட்டினர்.

இவை எல்லாம் சரிதான். ஆனால் அடுத்து என்ன நடந்தது? “அது சாதனை இல்லையாம்” என்றதும் பலருக்கு ஆர்வம் வடிந்துவிட்டது. ஓட்டப்பந்தயத்தில் முதலாவது வந்தவரின் பதக்கம் பறிக்கப்பட்டதும் கூட்டம் கலைவதைப் போல! என் பலகைச் செய்தியும் அப்படித்தான் முடிந்தது. அடுத்த வாரம் அதைக் கிழித்துவிட்டு வேறொன்றை ஒட்டினேன்.

நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அந்த ஒரு மிதவையை விட்டுவிடுவோம். அதே புளோரிடா விரிகுடாவின் மற்ற மிதவைகளும் அந்நாள்களில் 35 டிகிரிக்கு மேல் காட்டின. ஒரு மாலை நேரத்தின் உச்ச எண்ணை விட, வாரக்கணக்கில் தணியாத சூடுதான் உயிர்களைக் கொன்றது. தீவுகளுக்கு வெளியே கடலில் உள்ள சொம்ப்ரேரோ பவளப்பாறையை 2023 ஜூலை 20ஆம் நாள் பார்வையிட்ட மீட்புக் குழுவினர், அங்கிருந்த பவளங்கள் அனைத்தும் மடிந்துவிட்டதாக அறிவித்தனர். மிதவை 38.4ஐக் காட்டுவதற்கு நான்கு நாள் முன்பே இது நடந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். பவளத் துண்டுகளைக் கடலிலிருந்து எடுத்துத் தரையிலுள்ள தொட்டிகளில் வைத்துக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்தது. மான்கொம்பு போலக் கிளைக்கும் இரண்டு பவள இனங்கள் அந்த வெப்பத்தில் ஏறத்தாழ முழுமையாக அழிந்ததாகவும், புளோரிடாவின் பாறைகளைக் கட்டியெழுப்பும் பணியை இனி அவற்றால் செய்ய இயலாது என்றும் 2025இல் சயின்ஸ் ஆய்விதழில் கட்டுரை வெளிவந்தது.

பல நூற்றாண்டுகளாகப் பாறைகளைக் கட்டிய உயிர்கள் ஒரே கோடையில் போயின. இதையா நான் சூரியன் படம் வரைந்து கொண்டாடினேன்?

சதுப்பு ஆறான கதை

இனி, பெயருக்கும் விதிக்கும் உள்ள தொடர்புக்கு வருகிறேன்.

அந்த நிலத்தின் பூர்வகுடிகளுள் மிக்கோசூக்கி மக்களும் செமினோல் மக்களும் உண்டு. அவர்கள் வழங்கிய பெயர் பா-ஹை-ஓக்கி. புல் நிறைந்த நீர் என்பது அதன் பொருள். வெளியிலிருந்து குடியேறியவர்களின் கண்ணுக்கு அது வெறும் சதுப்பு. சதுப்பு என்றால் பயனற்றது, கொசு மொய்ப்பது, வடித்துக் காயவைக்க வேண்டியது. 1905இல் ஆளுநரான நெப்போலியன் பொனபார்ட் புரோவார்ட், எவர்கிளேட்ஸை வடித்து விளைநிலமாக்குவேன் என்று சொல்லியே தேர்தலில் வென்றவர். கால்வாய்கள் வெட்டப்பட்டன. 1928இல் தம்பா நகரையும் மியாமியையும் இணைக்கும் தமியாமி நெடுஞ்சாலை, நீரோட்டத்தின் குறுக்கே ஒரு கரையைப் போல எழுந்தது. அதே ஆண்டில் வீசிய சூறாவளியில் ஓக்கிசோபி ஏரி கரையுடைத்து ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பிறகு ஏரியைச் சுற்றிப் பெரிய அணைக்கரை எழுப்பப்பட்டது. ஏரிக்குத் தெற்கே இருந்த நிலம் கரும்புத் தோட்டமானது. பழைய எவர்கிளேட்ஸில் ஏறக்குறைய பாதி இன்று இல்லை.

தோட்டப்புறத்திலிருந்து வந்த நம்மில் பலருக்கு இந்தக் கதை புதிதன்று. காட்டை வெட்டி, கால்வாய் இழுத்து, வரிசை பிடித்து நடப்பட்ட நிலத்தில்தானே நம் கொள்ளுத்தாத்தாக்கள் வியர்வை சிந்தினார்கள்!

1940களில் மார்ஜோரி ஸ்டோன்மன் டக்ளஸ் என்ற பத்திரிகையாளரிடம், அமெரிக்க ஆறுகளைப் பற்றிய நூல் வரிசைக்காக மியாமி ஆற்றைப் பற்றி எழுதும்படி கேட்டனர். அந்த ஆறோ மிகச் சிறியது. எழுதுவதற்கு அதில் அதிகம் இல்லை. அவர் அதன் மூலத்தைத் தேடிப் போய் எவர்கிளேட்ஸைக் கண்டார். நீரியல் அறிஞர் ஒருவருடன் பேசினார். அது தேங்கிக் கிடக்கும் நீர் இல்லை, நகரும் நீர் என்று தெளிந்தார். ஓக்கிசோபி ஏரியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தூரம், பல பத்துக் கிலோமீட்டர் அகலத்தில், புற்களுக்கிடையே நீர் மெல்ல மெல்ல நகர்ந்து கடலைச் சேர்கிறது. நிலத்தின் சரிவு ஒரு கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர்தான். ஆகவே கண்ணுக்கு ஓட்டம் தெரியாது. அவர் அதைப் ‘புல் ஆறு’ என்றார். 1947இல் அந்தப் பெயரைத் தாங்கிய நூல் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அதிபர் ட்ரூமன் தேசியப் பூங்காவைத் திறந்து வைத்தார்.

பூங்கா அமைய அந்த நூல் மட்டும் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கான சட்டம் 1934லேயே நிறைவேறிவிட்டது. ஆனால் அந்தப் பெயர் மக்களின் மனக்கணக்கை மாற்றியது. சதுப்பை வடிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆற்றை அடைத்தால் கேள்வி வரும். “கீழே இருப்பவனுக்குத் தண்ணீர் எங்கே?” என்பதே அக்கேள்வி. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட மாபெரும் எவர்கிளேட்ஸ் சீரமைப்புத் திட்டம் அக்கேள்விக்குத்தான் விடை தேடுகிறது. நீரை மறைத்த தமியாமி நெடுஞ்சாலையில் 2013இல் ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர் தூரத்திற்குச் சாலையையே உயர்த்திப் பாலமாக்கி, நீர் அடியில் ஓட வழிவிட்டார்கள். பின்னர் மேலும் பாலங்கள் வந்தன.

உப்பும் சூடும்

இந்த நீர்க்கதைக்கும் மிதவையின் 38.4 டிகிரிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு.

புல் ஆறு வந்து சேரும் இடம் புளோரிடா விரிகுடா. சராசரியாக ஒரு மீட்டர் ஆழந்தான். அதன் அடியில் கடற்புல் பச்சைக் கம்பளம் போல விரிந்திருக்கும். இறாலும் சிறு மீன்களும் அதில்தான் வளர்கின்றன. மானட்டி என்ற சாதுவான கடல்விலங்கு அதைத்தான் மேய்கிறது. மேலிருந்து நன்னீர் போதுமான அளவு வந்தால் விரிகுடாவின் உப்பு மட்டாக இருக்கும். கால்வாய்கள் அந்த நீரை வேறு பக்கம் திருப்பிவிட்டதால் வரத்து குறைந்தது. மழையும் பொய்த்து வெயிலும் ஏறும் ஆண்டில் விரிகுடாவின் நீர் ஆவியாகி ஆவியாகி உப்பு ஏறுகிறது. சூடான நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும்; உப்பு மிகுந்தால் இன்னும் குறையும். இரவில் ஒளிச்சேர்க்கை இல்லாததால் கடற்புல்லுக்கு மூச்சு முட்டுகிறது. சேற்றில் உருவாகும் கந்தக நஞ்சு வேருக்குள் புகுந்துவிடுகிறது. புல் மடிகிறது. மடிந்த புல் அழுகி மிச்ச உயிர்வளியையும் தின்கிறது.

1987இல் இப்படி ஒரு பேரழிவு தொடங்கியது. 2015 வறட்சியில் மீண்டும் நடந்தது. விரிகுடாவின் சில இடங்களில் உப்பு, கடல்நீரைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. 16,000 ஹெக்டர் அளவிலான கடற்புல் பாழானது.

இதிலிருந்து நான் கற்றது இதுதான். வெயில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அடிக்கலாம். காயம் ஒரே மாதிரி ஏற்படுவதில்லை. நாம் ஏற்கெனவே பலவீனப்படுத்தி வைத்த இடத்தில்தான் அது ஆழமாக இறங்குகிறது. பட்டினி கிடந்தவனுக்கு வந்த காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் 38.4 டிகிரி என்று அளந்து எழுதினால் மட்டும் போதுமா? அவன் எத்தனை நாள் சாப்பிடவில்லை என்பதையும் எழுத வேண்டாமா?

ஆகையால், புவி வெப்பத்தை முழுவதும் தடுக்கும் வரை ஒன்றும் செய்வதற்கில்லை என்று சோர்ந்து உட்காரவும் வேண்டியதில்லை. கரியமில வாயுவைக் குறைக்க உலகமே சேர்ந்தாக வேண்டும். ஆனால் ஒரு சாலையை உயர்த்திப் பாலமாக்கி நீரை விடுவதை ஒரு நாடு தானே செய்துவிடலாம். இரண்டும் தேவை. 1993இல் ஆபத்திலுள்ள பாரம்பரியத் தலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்ட எவர்கிளேட்ஸ், 2007இல் நீக்கப்பட்டு, 2010இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. வேலை பாதியில் நிற்கிறது என்பதற்கு இதுவே சாட்சி.

நீக்கப்பட்ட சொல்லும் என் பாட்டியின் கேள்வியும்

பெயர் சூட்டுவதால் வந்த நன்மையைச் சொன்னேன். பெயரை அழிப்பதும் நடந்தது.

2024 மே மாதம் புளோரிடா ஆளுநர் கையெழுத்திட்ட ஒரு சட்டம், மாநில எரிசக்திச் சட்டங்களில் இருந்த ‘பருவநிலை மாற்றம்’ என்ற குறிப்புகளில் பெரும்பாலானவற்றை நீக்கியது. சட்டப் புத்தகத்திலிருந்து சொல் போய்விட்டது. கடலிலிருந்து சூடு போகவில்லை!

அதற்கு ஒரு மாதம் முன்பு இன்னொரு சட்டம் கையெழுத்தானது. வெயிலில் வேலை செய்பவர்களுக்குக் குடிநீர், நிழல், ஓய்வு ஆகியவற்றைக் கட்டாயமாக்கும் விதிகளை மாநிலத்தின் நகரங்களும் மாவட்டங்களும் இயற்றக் கூடாது என்றது அது. ஊருக்கு ஒரு விதி இருந்தால் தொழில் நடத்துவது கடினம் என்பது அதை ஆதரித்தவர்களின் வாதம். அப்படியானால் மாநிலம் முழுமைக்கும் ஒரே விதியைக் கொண்டு வந்திருக்கலாமே? கொண்டு வரவில்லை. எவர்கிளேட்ஸ் பூங்காவின் கிழக்கு வாசலுக்கு அருகிலுள்ள ஹோம்ஸ்டெட் வட்டாரம் காய்கறிப் பண்ணைகளும் நாற்றுப் பண்ணைகளும் நிறைந்தது. அங்கே வயலில் குனிந்து நிற்பவர்களுக்கு 2023 கோடை எண் அன்று; தலைச்சுற்றல்.

இதைப் படித்தபோது எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது. நான் கெடாவில் பிறந்தவன். எங்களுக்கு அண்டை மாநிலமான பெர்லிஸின் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் நாள் 40.1 டிகிரி பதிவானது. மலேசியாவில் பதிவான உச்ச வெப்பம் அதுவே. 2016 ஏப்ரலில் எல் நினோவின் தாக்கத்தால் பெர்லிஸ், கெடா பள்ளிகளை இரண்டு நாள் மூடினார்கள். நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவன். விடுமுறை என்றதும் ஆனந்தக் கூத்தாடினோம். “நம்ம பக்கந்தான் நாட்டுலயே சூடு! ரெக்கார்டு!” என்று வீட்டுக்குள் கத்திக்கொண்டே ஓடினேன்.

பாட்டி வாசற்படியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். விடியுமுன்னே இருட்டில் எழுந்து போவார். வெயில் ஏறிவிட்டால் மரத்தில் பால் இறங்காது என்பார். “ஒனக்கு லீவு விட்டாங்க சரி. ரோட்டுல தார் ஊத்தறவனுக்கு யாருடா லீவு விடறது?” என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் தொலைக்காட்சியைப் போட்டேன். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு.

இன்று யோசித்துப் பார்க்கிறேன். தமிழாசிரியை கேட்டதும் பாட்டி கேட்டதும் ஒரே கேள்விதான். வெப்பத்தைப் போட்டியாக்கினால் நாம் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்துவிடுகிறோம். திடலில் நிற்பவன் யார் என்று பார்ப்பதில்லை.

தமிழில் சொல் இருக்கிறது

“ஒரு சொல்லுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? படிப்பவர்களுக்குப் புரிந்தால் போதாதா?” என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். மொழி மாறிக்கொண்டேதான் இருக்கும், அதைப் பிடித்து வைக்க முடியாது என்றும் சொன்னார். அவர் சொல்வதில் உண்மை உண்டு. நானும் சொற்காவல் படை அமைக்கச் சொல்லவில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘ரெக்கார்டு’, மலாயில் ‘ரெக்கோட்’. அந்த ஒரே சொல் குறித்து வைப்பதையும் குறிக்கும். முந்தையதை முறியடிப்பதையும் குறிக்கும். அவர்களுக்கு வேறு வழியில்லை. தமிழில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. முயன்று, உழைத்து, தடை தாண்டி அடைவது சாதனை. நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது பதிவு. பன்னிரண்டு ஏ பெற்ற மாணவி செய்தது சாதனை. மிதவை காட்டியது பதிவு. கையில் இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு, தவறானதை எடுத்துப் போடுவது ஏன்? மொழிபெயர்க்கும் அவசரம்தான் காரணம். என் காரணமும் அதுவே.

சிலர் ‘வரலாறு காணாத வெப்பம்’ என்று எழுதுகிறார்கள். முதல் முறை கேட்கும்போது அது உறைக்கும். ஆண்டுதோறும் எழுதினால்? 2023இல் வரலாறு காணாதது, 2024இல் மறுபடியும் வரலாறு காணாதது என்றால், வரலாறு கண்ணைத் திறந்துதான் இருக்கிறதா என்ற ஐயம் வாசகனுக்கு வந்துவிடும். ‘உச்சப் பதிவு’ என்று எழுதலாம். ‘இதுவரை பதிவானவற்றில் மிக அதிகம்’ என்று நேராகவும் எழுதலாம். நீளமாக இருந்தாலும் பொய் இல்லை.

பாட்டியின் மொழியில் இன்னும் நுட்பமான சொற்கள் இருந்தன. காய்ந்த சூடு வெக்கை. ஈரங்கலந்த சூடு புழுக்கம். வானிலை அறிக்கைகளில் ஈரப்பதத்தையும் சேர்த்து ‘உணரும் வெப்பம்’ என்று கணக்கிட்டுத் தருகிறார்களே, அதைத்தான் நம் பாட்டிமார் புழுக்கம் என்ற ஒரே சொல்லில் சொன்னார்கள். வியர்வை உலராததால் உடம்பு ஆறாமல் போவதுதான் புழுக்கத்தின் ஆபத்து. புளோரிடாவின் கோடை வெக்கை அன்று, புழுக்கம். நம் நாட்டுச் சூடும் அப்படியே. ஆகவே அங்கே நடப்பது நமக்குத் தொலைதூரச் செய்தி இல்லை. 2010இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது தியோமான், ரெடாங் தீவுகளில் முக்குளிப்பு இடங்கள் சிலவற்றை நம் அரசாங்கமே மூடியது. நம் கடற்கரைகளிலும் அலையாத்திக் காடு உண்டு; கடற்புல் உண்டு; வெயிலில் வேலை செய்பவர்களும் உண்டு.

என் வேண்டுகோள்

நம்மில் சிலர் நாளை வானொலியில் செய்தி வாசிப்போம். சிலர் நாளிதழ்களில் எழுதுவோம். பலர் தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியராவோம். இன்றே கூடப் பலர் கைப்பேசியில் செய்தியைத் தமிழாக்கிப் பகிர்கிறோம். அப்படிப்பட்ட நேரத்தில் மூன்று காரியங்கள் செய்வோம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, வெப்பத்திற்குச் சாதனைப் பட்டம் கொடுக்காதிருப்போம். பதிவு என்றே எழுதுவோம்.

இரண்டாவது, உச்ச எண்ணோடு நிறுத்தாமல், அந்தச் சூடு எத்தனை நாள் நீடித்தது, இரவில் தணிந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்வோம். பவளத்தைக் கொன்றது ஒரு மாலைப்பொழுது இல்லை என்பதை எவர்கிளேட்ஸின் அண்டைக் கடலில் கண்டோம்.

மூன்றாவது, அங்கே நீரை யார் அடைத்தார்கள், வெயிலில் யார் நின்றார்கள் என்று ஒரு வரியாவது எழுதுவோம்.

சென்ற விடுமுறையில் என் பழைய பள்ளிக்குப் போயிருந்தேன். ஆசிரியை பணி ஓய்வு பெற்றுவிட்டார். அறிவிப்புப் பலகை அதே இடத்தில் இருந்தது. வேறொரு மாணவர், வேறொரு நாட்டின் வெயிலைப் பற்றி எழுதி ஒட்டியிருந்தார். தலைப்பில் ‘சாதனை’ என்றுதான் இருந்தது. ஒரு பேனாவை எடுத்து வட்டம் போடக் கை துடித்தது. போடவில்லை. அந்த மாணவரைத் தேடிப் பிடித்து, உணவகத்தில் ஆளுக்கொரு தே ஓ ஐஸ் வாங்கிக்கொண்டு, எவர்கிளேட்ஸ் கதையை முழுவதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “அண்ணே, அந்தத் தண்ணிய இப்ப முழுசா விட்டுட்டாங்களா?” என்று கேட்டார்.

இன்னும் இல்லை என்றேன். நான் அன்று கேட்காத கேள்வியை அவர் கேட்டுவிட்டார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.